மெலிந்த புத்தகத்தில் தொடங்குங்கள்

"சமூகக் கோட்பாடு படிக்க ஆசை. எங்கே தொடங்குவது?" என்று போன மாதம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். "மெலிந்த புத்தகத்தில்" என்று ஒரே வரியில் எழுதித் தப்பித்துக்கொண்டேன். வாசகர்கள் விடவில்லை. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி இதே விஷயம்தான். சிலர் தங்கள் பேராசிரியர்களைப் பற்றியும் மனம் திறந்திருப்பதால் யார் பெயரையும் போடவில்லை.

கல்லூரி மாணவி, திருவாரூர்: சமூகக் கோட்பாடு என்றால் என்ன? ஒரு வரியில் சொல்லவும்.

"ஊர் உலகத்துல அப்படித்தான்" என்று பாட்டி சொல்வாரே, அந்த 'அப்படித்தான்' ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, பதில் கிடைக்கும்வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பது.

அரசு ஊழியர், விழுப்புரம்: ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள். பட்டியல் போட்டால் நிச்சயம் படிக்கமாட்டேன்.

புத்தகம்கூட வேண்டாம், ஒரு கட்டுரை போதும். 'இந்தியாவில் சாதிகள்'. 1916 மே 9 அன்று நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில் ஒரு மாணவர் வாசித்தது. மாணவருக்கு வயது 25. பெயர் அம்பேத்கர். அடுத்த ஆண்டு 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் அச்சேறியது. தமிழில் வந்திருக்கும் அவருடைய நூல்தொகுப்பின் முதல் தொகுதியில் இருக்கிறது.

ஒரு மதியத்தில் படித்துவிடலாம் என்பது முதல் வசதி. அதைவிடப் பெரிய வசதி, சாதி என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்க்கைமைப் படிக்கும்போது பிரான்ஸ் தெரியாதே என்று தயங்குவீர்கள். இங்கே அந்தத் தயக்கம் கிடையாது. ஆசிரியரோடு முதல் பக்கத்திலேயே சண்டைக்கு நிற்கலாம்.

அவர் செய்வதைப் பாருங்கள். தனக்கு முன்னால் சாதிக்கு இலக்கணம் சொன்ன செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேத்கர் என்ற நால்வரையும் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறார். தீட்டுப் பார்ப்பதுதான் சாதி என்கிறாரா ஒருவர்? அது சாதியின் உயிரா, ஒட்டிக்கொண்ட தூசியா? இப்படி ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி உதிர்த்தபின் கையில் மிஞ்சுவது ஒன்றுதான்: அகமணம். தன் கூட்டத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பது.

இதற்குப் பிறகுதான் கட்டுரை சூடு பிடிக்கிறது. ஒரு கூட்டம் தனக்குள்ளேயே மணமுடித்துக்கொள்ள வேண்டுமென்றால் ஆணும் பெண்ணும் எண்ணிக்கையில் ஒத்துவர வேண்டும். கணவன் முதலில் இறந்தால் ஒரு பெண் உபரி. மனைவி இறந்தால் ஓர் ஆண் உபரி. உபரிகளை அப்படியே விட்டால் வேலி தாண்டுவார்கள், அல்லது உள்ளேயே அடுத்தவர் வரனைப் பிடித்துக்கொள்வார்கள். உபரிப் பெண்ணைக் கணவனோடு எரி. இல்லாவிட்டால் ஆயுசு முழுக்க விதவையாக வை. உபரி ஆணை எரிக்க மனசு வராது, ஆணாயிற்றே! துறவு சொல்லிப் பார். கேட்கமாட்டான் என்றால் மணவயதை எட்டாத சிறுமி ஒருத்தியைக் கட்டிவை. சதி, கைம்மை, குழந்தை மணம் மூன்றையும் பள்ளிப் பாடத்தில் தனித்தனிச் 'சமூகக் கொடுமைகள்' என்று மனப்பாடம் செய்திருப்போம். மூன்றும் ஒரே கணக்கைச் சரிக்கட்டும் மூன்று வழிகள் என்கிறார் அந்த 25 வயது மாணவர். கட்டுரையின் முழுத் தலைப்பிலேயே 'இயக்கமுறை' என்ற சொல்லை வைத்திருக்கிறார். சாதியைத் திட்டி எழுதியவர்கள் ஏராளம். அதன் மூடியைக் கழற்றிச் சக்கரங்களைக் காட்டியவர்கள் சொற்பம்.

மனு ஒருவர் சட்டம் போட்டு இதெல்லாம் வந்துவிடவில்லை என்றும் அதிலேயே வாதாடுகிறார். மேலே இருப்பவனைப் பார்த்துக் கீழே இருப்பவன் போலச்செய்கிறான் என்பதற்கு பிரெஞ்சுக்காரர் கப்ரியேல் டார்டைத் துணைக்கு அழைக்கிறார். முடிக்கும்போது, என் வாதம் நிற்காது என்று காட்டினால் விட்டுவிடத் தயார் என்கிறார். அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், நாகர்கோவில்: அம்பேத்கர் சட்டமேதை அல்லவா? சமூகவியலில் அவரைச் சேர்ப்பது முறையா?

ஐயா, கொலம்பியாவில் அவர் படித்தது பொருளாதாரம், சமூகவியல், வரலாறு, மானிடவியல். சட்டப் படிப்பு பிறகு லண்டனில். சிலையைப் பார்த்துப் பார்த்து வந்த குழப்பம் இது. சிலையின் கையில் இருப்பது அரசியல் சட்டம் என்று நாமே முடிவுகட்டி, வேறெதுவும் அவர் எழுதவில்லை என்பதுபோல் மாலை போட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

பனியன் கம்பெனி சூப்பர்வைசர், திருப்பூர்: 'மூலதனம்' வாங்கி மூன்று வருடம் ஆகிறது. முதல் அத்தியாயத்தைத் தாண்ட முடியவில்லை.

முதல் அத்தியாயம் சரக்கைப் பற்றியது. சரக்கில் விழுந்து எழ முடியாதவர்கள் நம் ஊரில் நிறைய, வெட்கப்படாதீர்கள்.

மருந்தும் மார்க்சிடமே இருக்கிறது. 1867-இல் முதல் தொகுதி வெளிவந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நண்பர் குகெல்மானுக்குக் கடிதம் எழுதுகிறார்: உங்கள் மனைவியார் முதலில் இந்தப் பகுதிகளைப் படிக்கட்டும். வேலைநாள், கூட்டுழைப்பு, உழைப்புப் பிரிவினை, இயந்திரம், பிறகு ஆதித் திரட்டல். அதாவது, என் புத்தகத்தை முன்னாலிருந்து படிக்காதீர்கள் என்று ஆசிரியரே சொல்லிவிட்டார். நூற்றைம்பது வருடமாக நாம்தான் கேட்கவில்லை.

தியாகுவின் தமிழாக்கம் உங்களிடம் இருந்தால் நேரே 'வேலைநாள்' அத்தியாயத்துக்குப் போங்கள். லண்டன் ரொட்டிக் கடைகளில் மாவில் என்னென்ன கலந்தார்கள், குயவுத் தொழிலிலும் தீப்பெட்டித் தொழிலிலும் குழந்தைகள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் எல்லாம் வரும். காலையில் கால் மணி நேரம் முன்னதாக ஆலையைத் தொடங்கி, சாப்பாட்டு இடைவேளையில் கொஞ்சம் நறுக்கி, மாலையில் கொஞ்சம் இழுத்து, முதலாளிகள் நிமிடம் நிமிடமாகச் சேர்த்ததை ஆலை ஆய்வாளர்களின் அறிக்கைகளைக் கொண்டே கூட்டிக் காட்டுகிறார். லெனார்ட் ஹார்னர் என்ற ஆய்வாளரை அவர் மனமாரப் பாராட்டவும் செய்கிறார். அரசு அதிகாரியை மார்க்ஸ் பாராட்டும் அரிய இடம்.

ஷிஃப்ட் கணக்கு எழுதும் உங்களுக்கு இந்த அத்தியாயத்துக்கு உரையாசிரியர் தேவையில்லை. முடித்தபின் சரக்குக்குத் திரும்புங்கள், அப்போது தெளியும். புத்தகத்தை மேனேஜர் மேசையில் மறந்து வைத்துவிட்டு வராதீர்கள்.

கல்லூரி மாணவர், சேலம்: கோட்பாடு படிக்க ஆங்கிலம் கட்டாயம் வேண்டும் என்கிறார் எங்கள் துறைத் தலைவர்.

'கம்யூனிஸ்ட் அறிக்கை' 1931-இலேயே தமிழில் 'குடி அரசு' இதழில் வந்துவிட்டது. 1936-இல் லாகூர் மாநாட்டுக்காக அம்பேத்கர் எழுதிய உரையை அழைத்தவர்களால் செரிக்க முடியவில்லை, மாநாட்டையே கைவிட்டார்கள். அவர் அதைச் சொந்தச் செலவில் 1,500 பிரதி அச்சடித்தார். அதன் தமிழும் சூடு ஆறுமுன் 'குடி அரசு' வழியாகவே வந்தது. அவற்றைப் படித்தவர்களில் எத்தனை பேர் ஆங்கிலம் தெரிந்தவர்கள் என்று உங்கள் துறைத் தலைவரைக் கேட்டுப் பாருங்கள். உள்மதிப்பீட்டு மதிப்பெண் வந்த பிறகு கேளுங்கள்.

இருந்தாலும் ஆங்கிலம் தெரிந்தால் நல்லதுதான். தமிழில் வராதது நிறைய இருக்கிறது.

முதுகலை மாணவர், மதுரை: வெபரின் 'இரும்புக் கூண்டு' என்று வகுப்பில் அடிக்கடி சொல்கிறார்கள். எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

வெபர் எழுதிய பக்கத்தில் இல்லை. ஜெர்மன் மொழியில் அவர் எழுதியது 'எஃகுபோல் இறுகிய ஓடு' என்பதுபோன்ற ஒரு தொடர். 'புரோட்டஸ்டன்ட் அறவியலும் முதலாளியத்தின் உணர்வும்' நூலை 1930-இல் ஆங்கிலமாக்கிய டால்கட் பார்சன்ஸ் அதை 'இரும்புக் கூண்டு' ஆக்கினார். சொல் நன்றாக இருந்ததால் ஒட்டிக்கொண்டது. வித்தியாசம் சின்னதல்ல. கூண்டுக்குள் இருக்கும் கிளி, கதவைத் திறந்தால் பறந்துவிடும். ஓடு முதுகோடு சேர்ந்து வளர்ந்தது. நத்தையிடம் போய் "உனக்கு விடுதலை, வெளியே வா" என்று சொல்லிப் பாருங்கள்.

வெபரை அந்த நூலில் தொடங்க வேண்டாம் என்பது என் கட்சி. மியூனிக்கில் மாணவர்கள் முன் நிகழ்த்திய இரண்டு சொற்பொழிவுகள் இருக்கின்றன: 1917-இல் அறிவுத்துறையை வாழ்தொழிலாகக் கொள்வது பற்றி, 1919 ஜனவரியில் அரசியலை வாழ்தொழிலாகக் கொள்வது பற்றி. இரண்டாவது, போரில் தோற்ற ஜெர்மனியில் புரட்சி கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் பேசியது. அடுத்த ஆண்டே வெபர் நிமோனியாவில் இறந்துபோனார். எதிரே ஆட்கள் உட்கார்ந்திருப்பது தெரிந்து பேசியதால் வாக்கியங்களில் உயிர் இருக்கிறது.

அதற்கப்புறம் அதிகாரவர்க்கம் பற்றிய பகுதி. நாற்காலி அதில் உட்கார்ந்திருப்பவரின் சொத்து அல்ல. கோப்பில்லாமல் வேலை நகராது. விதி ஆள் பார்க்காது. ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்திருக்கிறேன். நாற்காலி இருந்தது, கோப்பு இருந்தது, விதிகள் சுவரில் ஒட்டப்பட்டிருந்தன. அலுவலர் மட்டும் இல்லை. இந்த வகையை வெபர் விட்டுவிட்டார்.

மளிகைக் கடைக்காரர், பேராவூரணி: எங்கள் பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்து. உங்கள் கோட்பாட்டில் இதற்கெல்லாம் இடம் உண்டா?

உங்கள் கடிதத்துக்காகவே இந்தப் பத்தியை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாரிசில் உட்கார்ந்துகொண்டு, 1925-இல், உங்கள் மொய் நோட்டுக்கு உரை எழுதிவிட்டார் மார்செல் மோஸ். நூலின் பெயர் 'கொடை'. மொய்யைப் பற்றி அவருக்குத் தெரியாது. அவர் பார்த்தது பசிபிக் தீவுகளை, வட அமெரிக்காவின் மேற்குக் கடலோரப் பழங்குடிகளை, பழைய ரோமானியச் சட்டத்தை. நம் மகாபாரதத்தின் தானதர்மப் பகுதியையும் தொட்டிருக்கிறார். கேள்வி ஒன்றுதான்: மனசாரக் கொடுப்பதாகச் சொல்லப்படும் ஒன்றை ஏன் திருப்பிக் கொடுத்தே தீர வேண்டியிருக்கிறது?

அவர் கண்ட விடையில் மூன்று கடமைகள். கொடுக்க வேண்டும், கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்கினால் திருப்ப வேண்டும். அழைக்காமல் விட்டால் பகை. அழைத்தும் போகாவிட்டால் பகை. போய், இலையில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு மொய் எழுதாமல் வந்த ஆள் பேராவூரணியில் யாராவது உண்டா? வாங்கிய தொகையை அப்படியே திருப்பினால் கணக்குத் தீர்ந்துபோகும், உறவும் தீர்ந்துபோகும். அதனால்தான் மேலே கொஞ்சம் போடுகிறீர்கள். அந்தக் கொஞ்சம்தான் அடுத்த விருந்துவரை உறவைப் பிடித்து நிறுத்துகிறது.

மோஸ் பார்க்காத ஒன்றும் உங்களிடம் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமல் மொய்க்காகவே விருந்து வைத்து, வந்த பணத்தில் கடை போடுகிறார்கள், கடன் அடைக்கிறார்கள். இது கொடையா, வட்டியில்லாக் கடனா, தவணைச் சீட்டா? எந்தப் பேராசிரியரையும்விட நீங்கள் இதற்கு நன்றாகப் பதில் சொல்ல முடியும். அப்பா எழுதிவைத்த மொய் நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அது களஆய்வுக் குறிப்பு.

குடும்பத் தலைவர், தாம்பரம்: விருந்தாளி வந்தால் என் மனைவியின் குரலே மாறிவிடுகிறது. இதற்கும் கோட்பாடு உண்டோ?

உண்டு. முதலாளியின் போன் வந்தால் உங்கள் குரல் என்ன ஆகிறது என்று உங்கள் மனைவியும் எழுதியிருந்தால் கடிதம் முழுமையாகியிருக்கும்.

எர்விங் காஃப்மன், 'அன்றாட வாழ்வில் தன்னை முன்வைத்தல்'. 1956-இல் எடின்பரோவில் வெளிவந்தது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் தங்கி ஆய்வு செய்தபோது அங்கிருந்த ஒரு ஹோட்டலையும் கவனித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் ஒரு மாதிரி பேச்சு, கதவைத் தள்ளிக்கொண்டு சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் வேறு முகம். முன்மேடை, பின்மேடை என்று அதற்குப் பெயர் வைத்தார். நம் கல்யாண மண்டபத்தில் பரிமாறுபவர் வாளியோடு பந்திக்குள் நுழையும் அந்த ஒரு நொடியைப் பாருங்கள், புத்தகம் பாதி புரிந்துவிடும். கலைச்சொல் பயம் உள்ளவர்களுக்கு நான் சிபாரிசு செய்யும் முதல் மேல்நாட்டு நூல் இதுதான்.

போட்டித் தேர்வு எழுதுபவர், தருமபுரி: கைடு படித்தால் போதாதா?

தேர்வுக்குப் போதும்.

நூலகர், புதுச்சேரி: நல்ல அறிமுக நூல்கள்கூட வேண்டாமா? கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள்.

இரண்டுக்கு இரக்கம் காட்டலாம். பீட்டர் பெர்கரின் 'சமூகவியலுக்கு அழைப்பு' (1963), ரைட் மில்ஸின் 'சமூகவியல் கற்பனை' (1959). முன்னது மாப்பிள்ளை அழைப்பு மாதிரி இனிமையாக இருக்கும். பின்னது சண்டை.

மில்ஸ் மோட்டார் சைக்கிளில் சுற்றியவர், 45 வயதில் இறந்தவர். தனிமனிதனின் கஷ்டத்துக்கும் பொதுப் பிரச்சினைக்கும் உள்ள தொடர்பைப் பிடிப்பதுதான் சமூகவியல் என்றார். ஒருவருக்கு வேலை போனால் அவர் குணத்தைப் பார்க்கலாம். ஊரில் கால்வாசிப் பேருக்கு வேலை இல்லையென்றால் யார் குணத்தைப் பார்ப்பது? அந்த நூலில் ஒரு விளையாட்டும் உண்டு. நத்தையைக் கூண்டில் அடைத்தாரே, அதே பார்சன்ஸ், 1951-இல் 'சமூக அமைப்பு' என்று 555 பக்கத்துக்கு ஒரு நூல் எழுதினார். மில்ஸ் அதிலிருந்து நீளமான பத்திகளை எடுத்துப் போட்டு, கீழேயே இரண்டு மூன்று வரியில் 'மொழிபெயர்த்து'க் காட்டுகிறார்: ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு. முழு நூலையும் 150 பக்கத்தில் சொல்லிவிடலாம் என்று கணக்கும் கொடுத்தார். நம் சிற்றிதழ்களில் பெருங்கதையாடல், மற்றமை, கட்டுடைப்பு என்று எழுதிக் குவித்த காலத்தில் நமக்கும் ஒரு மில்ஸ் தேவைப்பட்டார். தமிழிலிருந்து தமிழுக்கு.

அந்த நூலின் பின்னிணைப்பை மட்டும் நூலகத்தில் நின்றபடியே படித்துவிடலாம். குறிப்பு எடுப்பது எப்படி, கோப்பு வைத்துக்கொள்வது எப்படி என்று ஒரு தச்சர் தன் உளியைக் காட்டுவதுபோல் காட்டியிருப்பார்.

ஆராய்ச்சி மாணவி, தஞ்சாவூர்: கோட்பாடு, கோட்பாடு என்கிறீர்களே, ஊரைப் பார்த்து எழுதிய நூல் ஒன்றைச் சொல்லக்கூடாதா?

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. ஆந்த்ரே பெத்தெய் எழுதிய 'சாதி, வர்க்கம், அதிகாரம்' (1965). 'ஸ்ரீபுரம்' என்று அவர் பெயர் மாற்றி வைத்த ஊர் தஞ்சை மாவட்டத்துக் கிராமம். ஒரு காலத்தில் சாதியும் நிலமும் அதிகாரமும் ஒரே தெருவில் குடியிருந்தன. அவர் போன காலத்தில் மூன்றும் வெவ்வேறு தெருவுக்கு நகர்ந்துகொண்டிருந்தன. வெபரைப் படித்துவிட்டு வயல்வரப்பில் நடந்தால் என்ன தெரியும் என்பதற்கு இது உதாரணம்.

படிக்கச் சுகமானது எம். என். ஸ்ரீனிவாஸின் 'நினைவில் நின்ற கிராமம்' (1976). மைசூருக்கு அருகே ராம்புரா என்று அவர் அழைத்த ஊரில் 1948-இல் தங்கி எடுத்த குறிப்புகளை, இருபது ஆண்டு கழித்து அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். 1970 ஏப்ரலில் அவர் எழுதிக்கொண்டிருந்த கட்டடத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். ஒழுங்குபடுத்திய குறிப்புகள் மூன்று பிரதி வைத்திருந்தார். மூன்றையும் ஒரே அறையில் வைத்திருந்தார். எல்லாம் சாம்பல். நினைவிலிருந்தே எழுதிவிடு என்று சோல் டாக்ஸ் என்ற மானிடவியலாளர் சொன்னார், எழுதினார். ஆராய்ச்சி மாணவி என்கிறீர்கள். இன்றே ஒரு பென்டிரைவ் வாங்கி உங்கள் அத்தை வீட்டில் வையுங்கள்.

தமிழிலேயே எழுதப்பட்டது வேண்டுமென்றால் தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' (1989). கோயிலுக்கும் கள்ளருக்கும், இடையருக்கும், வலையருக்கும், பள்ளர் பறையருக்கும் என்ன உறவு என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டிய ஆய்வேடு. துர்க்கைமின் பெயரைச் சொல்லி மிரட்டாமல் துர்க்கைமின் வேலையைச் செய்த நூல்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர்: அந்தத் துர்க்கைம் தற்கொலையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினாராமே. எதற்கு?

அதைவிட அந்தரங்கமான முடிவு வேறில்லை என்பதால்தான். ஒரு நாட்டில் அதன் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை, ஆட்கள் மட்டும் வேறு வேறு. அப்படியானால் அந்த விகிதம் யாருடையது? தனிமனிதர்களுடையது அல்ல, சமூகத்துடையது என்றார். 1897-இல் வந்த நூல். அட்டவணைகளுக்கு உதவியவர் அவருடைய மருமகன், அக்கா பிள்ளை. பேராவூரணிக்காரருக்கு உரை எழுதிய மோஸ்தான் அவர். புரோட்டஸ்டன்ட்களைவிடக் கத்தோலிக்கர்களிடம் விகிதம் குறைவு, காரணம் போதனை அல்ல, ஒட்டுறவு என்று வாதம் போகும். குடும்பமும் மதமும் மறைக்க விரும்பும் சாவு அரசுப் பதிவேட்டில் ஒழுங்காக ஏறியிருக்குமா என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். சரியான கேள்வி.

மூன்றாவது, நான்காவது நூலாக வைத்துக்கொள்ளுங்கள். மனம் கனத்திருக்கும் நாட்களில் இந்தப் புத்தகம் வேண்டாம். அப்போது யாரிடமாவது பேசுங்கள்.

ஜவுளி வியாபாரி, காயல்பட்டினம்: எல்லாம் ஐரோப்பாவும் அமெரிக்காவுமாகவே இருக்கிறதே. இப்னு கல்தூனைச் சொல்லமாட்டீர்களா?

சொல்கிறேன். மார்க்ஸ் பிறப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியவர். 1377-இல் இன்றைய அல்ஜீரியாவில் ஒரு கோட்டையில் ஒதுங்கி, சில மாதங்களில் 'முகத்திமா'வை எழுதினார். கடும் வாழ்க்கை வாழும் கூட்டத்தில் ஒருவருக்கொருவர் பிணைப்பு இறுக்கம். அதற்கு 'அசபிய்யா' என்று பெயர். அந்த இறுக்கத்தால் நகரத்தைப் பிடிக்கிறார்கள். நகரத்துச் சுகம் பழகப் பழக, பேரன், கொள்ளுப்பேரன் காலத்தில் பிணைப்பு தளர்கிறது. அதற்குள் அடுத்த கூட்டம் வாசலில் நிற்கும். கட்சிகளுக்குப் பொருத்திப் பார்க்க ஆசை வரும். பாருங்கள், பெயர்களை எனக்கு எழுதாதீர்கள்.

பெரிய நூல். வரலாற்றாசிரியர்கள் எங்கே ஏமாறுகிறார்கள் என்ற முன்பகுதியில் தொடங்குங்கள். மூசா நபியின் படையில் ஆறு லட்சம் பேர் என்று ஒருவர் எழுதிவைத்ததை, அத்தனை பேர் எப்படி அணிவகுத்திருக்க முடியும் என்று கேட்டு நொறுக்குகிறார். நம் பொதுக்கூட்டச் செய்திகளைத் திருத்த அவரை வைத்துக்கொள்ளலாம். 1401-இல் திமூர் டமாஸ்கஸை முற்றுகையிட்டபோது, 68 வயதில், கோட்டைச் சுவரிலிருந்து கயிற்றில் இறங்கிப் போய் அவரைச் சந்தித்துப் பேசியவர். நான் இன்னும் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்குகிறேன்.

இல்லத்தரசி, கோயம்புத்தூர்: பெண்கள் யாரும் கோட்பாடு எழுதவில்லையா?

எழுதினார்கள், பாடத்திட்டத்தில்தான் ஏறவில்லை. ஹாரியட் மார்ட்டினோ, 1838-இல், ஒரு நாட்டின் பழக்கவழக்கங்களைக் கவனிப்பது எப்படி என்று ஒரு கையேடு எழுதினார். துர்க்கைமின் 'சமூகவியல் முறையின் விதிகள்' வர இன்னும் 57 ஆண்டு இருந்தது. அவருக்குக் காது சரியாகக் கேட்காது. ஊதுகுழல் மாதிரி ஒரு கருவியைக் காதில் வைத்துக்கொண்டு நாடு சுற்றியவர். 'சமூகவியல்' என்ற சொல்லை உண்டாக்கிய கோம்ட்டின் ஆறு தொகுதிகளை 1853-இல் ஆங்கிலத்தில் சுருக்கித் தந்தார். கோம்ட் அதைப் படித்துவிட்டு, என் மூலத்துக்குப் பதில் இதைப் படியுங்கள் என்று தன் சீடர்களுக்கே சொல்லிவிட்டார். இவ்வளவுக்கும் அவர் 'மூளைச் சுகாதாரம்' என்று சொல்லி மற்றவர்கள் எழுதியதைப் படிப்பதையே நிறுத்தியிருந்தவர்! இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு நம் ஊர் எழுத்தாளர்கள் சிலர் சீடர்கள்.

இங்கேயே வேண்டுமென்றால் பண்டித ரமாபாயின் 'உயர்சாதி இந்துப் பெண்' (1887). அம்பேத்கர் கட்டுரையில் வந்த கைம்மையும் குழந்தை மணமும் அதில் உள்ளிருந்து எழுதப்பட்டிருக்கும். அடுத்தடுத்துப் படியுங்கள்.

விடுதி மாணவர், திருச்சி: ஃபூக்கோவா, ஃபூக்கால்ட்டா?

ஃபூக்கோ. கடைசி எழுத்துகள் பிரெஞ்சுக்காரர்களுக்கு அலங்காரம். 'கண்காணிப்பும் தண்டனையும்' (1975) நூலை முன்னாலிருந்தே படிக்கலாம். 1757-இல் பாரிசில் ஒருவரைச் சித்திரவதை செய்து கொன்ற காட்சியோடு தொடங்குகிறது. உடனே, எண்பது ஆண்டு கழித்து ஓர் இளங்கைதிகள் இல்லத்தின் நேர அட்டவணை. எத்தனை மணிக்கு எழ வேண்டும், எத்தனை நிமிடத்தில் படுக்கையை மடிக்க வேண்டும். இரண்டில் எது அதிகக் கொடூரம் என்று அவர் சொல்லமாட்டார். நீங்கள் விடுதியில் இருப்பவர், உங்களுக்கே தெரியும்.

மென்பொருள் பொறியாளர், ஓசூர்: யூடியூபில் பத்து நிமிடத்தில் ஃபூர்தியூவைப் பிழிந்து கொடுத்துவிடுகிறார்களே?

முதலில், அவர் பெயர் பூர்தியூ. பிழிந்ததில் அதுவும் போய்விட்டது பாருங்கள். கல்யாண வீடியோ பார்த்தவருக்கு ஏப்பம் வராது.

பெயர் போட வேண்டாம், சென்னை: என் மகன் சமூகவியல் எடுக்கப்போகிறேன் என்கிறான். வேலை கிடைக்குமா?

பொய் சொல்ல மனம் வரவில்லை. கியோர்க் சிம்மல் என்று ஒருவர். பணத்தைப் பற்றி, பெருநகர வாழ்க்கையைப் பற்றி, அந்நியனைப் பற்றி எழுதினார். பெருநகரம் பற்றிய 1903-ஆம் ஆண்டுக் கட்டுரை, சென்னை மின்சார ரயிலில் தினமும் முகம் பார்க்காமல் பயணம் செய்யும் எவருக்கும் உடனே புரியும், மெலிந்ததும்கூட. பெர்லினில் அவருடைய வகுப்புக்குக் கூட்டம் அலைமோதியது. முழுப் பேராசிரியர் பதவி 1914-இல்தான் கிடைத்தது, ஸ்ட்ராஸ்பர்கில், 56 வயதில். போன உடனே உலகப் போர். வகுப்பறைகளை ராணுவ மருத்துவமனை ஆக்கிவிட்டார்கள்.

மகன் எடுக்கட்டும் சார். கூடவே ஏதாவது ஒரு கைத்தொழிலும்.

விழுப்புரம் அரசு ஊழியரே மீண்டும் (அதே உறையில் இரண்டாவது தாள்): வரும் சனிக்கிழமை லீவு. சரியாக என்ன செய்யட்டும்?

சொன்னேனே, பட்டியல் இல்லை. அம்பேத்கர் நூல்தொகுப்பின் முதல் தொகுதியை நூலகத்தில் கேளுங்கள். 'இந்தியாவில் சாதிகள்' மட்டும். கையில் பென்சில் இருக்கட்டும். நூலகப் புத்தகம் என்றால் தனித்தாள். நால்வரின் இலக்கணத்தை அவர் தள்ளும் இடத்தில், எந்த மறுப்பு உங்களுக்கு ஒட்டவில்லையோ அதை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். பக்க எண் போட மறக்க வேண்டாம். அடுத்த மாதப் பத்தியை உங்கள் அட்டையிலிருந்து தொடங்குகிறேன்.